ஒருமுறைகூடப் போடாதது

கடைசியாக நாங்கள் இருவரும் சேர்ந்து எரித்துப் பார்த்தது ஒரு கருநீலச் சட்டையின் நூலை. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கயல் சட்டையின் உள்தையலிலிருந்து ஒரு நூலை ஊசியால் நெம்பி எடுத்து, இடுக்கியில் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினாள். நான் நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

“லேபிள்ல நூறு சதம் காட்டன்னு போட்டிருக்கே,” என்றேன்.

“லேபிள் ஒட்டுனவனா மதினி இங்கன சித்திரை வெயில்ல இதப் போட்டுக்கிட்டு அலையப் போறான்?”

நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்தது. அது காட்டன். ஆனால் எரிந்து முடிந்த நுனியில் கடுகளவு கறுப்பு மணி ஒன்று உருண்டு நின்றது. அது பாலியஸ்டர். கயல் அதை ஆறவிட்டு நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை.

“பாதிக்குப் பாதி. எழுதுங்க.”

“காட்டன் மிக்ஸ்னு போடட்டுமா?”

“பாதின்னா பாதின்னு போடுங்க. மிக்ஸ்னா பாயசத்துல முந்திரி மாதிரி ஏதோ கொஞ்சம் கெடக்கும்னு நெனச்சிருவாக.”

சிரித்துக்கொண்டே அவள் சொன்னபடி எழுதினேன். வலது கை மடிப்பில் உளுந்தளவு டீக்கறை இருப்பதையும் எழுதினேன். அன்றைய வேலை அதோடு முடிந்தது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, மறுநாள் கயல் மலைக்கோயிலுக்கு என்னென்ன எடுத்துப் போவது என்று பேச ஆரம்பித்தோம்.

கயல் என் கணவர் விஜயகுமாரின் தங்கை. அனுமந்தன்பட்டியிலேயே எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் கணவர் திலீபன், கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் போனால் சாயங்காலம்தான் வருவார். என் வீட்டுக்காரருக்கு ஓடைப்பட்டியில் திராட்சை லோடு ஏற்றிவிடும் வேலை. ஆக, பகல் முழுக்க நானும் அவளும்தான். எர்ணாகுளத்தில் ஒரு வியாபாரி பழைய துணிகளை பேல் பேலாக, பெரிய மூட்டைகளாகக் கட்டி விற்கிறார் என்று திலீபன்தான் தோட்டத்தில் யாரோ சொல்லக் கேட்டு வந்தார். ஒரு பேல் வாங்கிப் பார்த்தோம். துவைத்து, இஸ்திரி போட்டு, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். மூன்று வருடத்தில் குழுவில் நானூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். டீச்சர்கள், நர்சுகள், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்கள், தோட்டத்துக்குப் போகிறவர்கள்.

துணி அவள் பொறுப்பு. நாங்கள் யாரும் அவளுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. அவள் கைக்கே அது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துவிட்டு, இது லினன், இது ஜார்ஜெட், இது பட்டு மாதிரி நடிக்கிற நைலான் என்று சொல்வாள். காட்டனா ரேயானா என்று சந்தேகம் வந்தால் நூலை எச்சில் தொட்டு நனைத்து இழுப்பாள். ரேயான் நனைந்தால் சட்டென்று அறுந்துவிடும். காட்டன் அறாது. நூலை எரித்துப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் எனக்கு நிரூபிப்பதற்காக.

எழுத்து என் பொறுப்பு. நான் பி.ஏ. தமிழ் படித்தவள், உத்தமபாளையம் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவள். எனக்கு வாக்கியம் அழகாக இருக்க வேண்டும். “மழைமேகத்தின் நிறத்தில் ஒரு குர்த்தா” என்று ஒருமுறை எழுதியதற்குக் கயல் இரண்டு நாள் என்னைக் கேலி செய்தாள்.

“மதினி, நீங்க எழுதுனா கிழிஞ்ச பாவாடையும் முகூர்த்தப் பட்டாயிரும். கையில வாங்கிப் பாத்தவுக நம்மளத்தான வைவாக?”

அதனால் அவள் ஒரு சட்டம் போட்டாள். முதல் வரியில் குறை. கறை, பொத்தான், சாயம் போன இடம், தையல் விட்ட இடம் எல்லாம் முதலில். அதற்குப் பிறகுதான் நிறமும் அழகும். அந்தச் சட்டத்தால்தான் எங்களுக்குப் பெயர் கிடைத்தது. பார்க்காமலே வாங்கலாம் என்று குழுவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

செருப்பும் ஷூவும் என் பொறுப்பு. அவளுக்கு அடுத்தவர் கால் பட்டதைத் தொடப் பிடிக்காது. துணியைத் துவைத்துவிடலாம், செருப்பில் ஆள் இருக்கிறான் என்பாள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. உள்ளங்கால் அட்டையில் விரல் பதிந்த தடத்தைப் பார்த்து எத்தனை மாதம் போட்டது என்று சொல்ல நானாகவே பழகிக்கொண்டேன். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் எழுதுவேன். விளிம்பில் பசை விட்டிருந்தால் எழுதுவேன். எல்லாவற்றுக்கும் மேலான தரம் ஒன்று உண்டு. ஒருமுறைகூடப் போடாதது. அது எப்போதாவது வரும். வந்தால் பத்து நிமிடத்தில் விற்றுவிடும்.

அந்த மாசியில் எர்ணாகுளத்துக்காரர் துணி பேலோடு எட்டு ஜோடி ஷூ அனுப்பினார். வெளிநாட்டில் மூடிப்போன ஒரு கடையின் சரக்கு, பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்றார். மலையேறுகிறவர்கள் போடுகிற ஷூ. சாம்பல் நிறம், பச்சை லேஸ், கணுக்கால் வரை ஏறும். உள்ளே காகிதச் சுருள்கூட அப்படியே இருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன்.

இனி எழுதப்போவதை ஒரு வருடமாக மனதுக்குள் பலவிதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். எப்படி எழுதினாலும் நடந்தது இதுதான்.

ஷூவின் நாக்கை மடித்தால் உள்பக்கம் ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதில் செய்த மாதமும் வருடமும் இருந்தன. பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைப் படித்தேன். அப்புறம் சோலை அழுத்தினேன். அடியில் கறுப்பு ரப்பர். அதற்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒரு கனமான அடுக்கு. பெருவிரலை எடுத்தபோது அதில் மாவு போல ஏதோ ஒட்டியிருந்தது. பெட்டித் தூசி என்று முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

பல வருடம் போடாமல் கிடக்கிற ஷூவின் நடு அடுக்கு காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் உளுத்துப்போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தினம் போடுகிற ஷூவுக்கு அப்படி ஆவது குறைவு. பெட்டியில் பத்திரமாக இருப்பதற்குத்தான் ஆகும். இந்த வியாபாரம் செய்கிற ஒருவர் போட்ட வீடியோவில் பார்த்திருந்தேன். வெளியே புதுசாகவே இருக்கும், கண்டுபிடிக்க ஒரே வழி ஷூவைக் கையில் பிடித்து நன்றாக வளைத்துப் பார்ப்பது என்று அவர் சொன்னார்.

நான் வளைத்துப் பார்க்கவில்லை. வளைத்தால் முன்பாகத்தில் ஒரு மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் போட்டது போலாகிவிடும். “ஒருமுறைகூடப் போடாதது” என்று எழுத முடியாது. அந்த ஒரு வரிக்காகத்தான் வளைக்கவில்லை.

இப்படி எழுதினேன்: “குறை எதுவும் இல்லை. ஒருமுறைகூடப் போடாதது. மேல்பாகம் வலைத்துணி, முன்னும் பின்னும் மெல்லிய தோல். சோல் புத்தம்புதுசு. மலைக்குப் போகிறவர்களின் காலுக்குக் காவல்.”

கயல் படித்துவிட்டு, “கடைசி வரி எதுக்கு மதினி, சாமி பாட்டு மாதிரி?” என்றாள். ஆனால் நீக்கச் சொல்லவில்லை. செருப்பு என் பொறுப்பு அல்லவா.

இரண்டு நாளில் ஐந்து ஜோடி போய்விட்டது. மூன்று ஜோடி மீதி. அதில் ஒன்று கயல் அளவு.

வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான், மங்கலதேவி கோயிலுக்குக் காட்டு வழியாக ஏற விடுவார்கள். கயல் வருடம் தவறாமல் போவாள். எனக்கு முழங்கால் வலி, நான் போவதில்லை. அந்தச் சாயங்காலம் பேச்சுவாக்கில் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போ என்றேன்.

“எதுக்கு மதினி விக்க வச்சத? என் செருப்பே போதும். போன வருசம் அதப் போட்டுத்தான ஏறுனேன்.”

“மலையேறுற ஷூவ மலையில வச்சு போட்டோ எடுத்துப் போட்டாத்தான் விக்கும். மிச்சம் ரெண்டு சோடி சும்மா கெடக்கு பாரு.”

“அப்ப நான் ஜவுளிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மையா?”

“பொம்மைக்கு மூஞ்சி இருக்கும். எனக்கு உன் காலு மட்டும் போதும்.”

“காலுக்குத் தனியாக் காசு வைங்க,” என்று சொல்லிவிட்டு ஷூ பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு போட்டோ வந்தது. பளியன்குடியில் ஏற்றம் ஆரம்பிக்கிற இடம். செம்மண்ணில் இரண்டு சாம்பல் ஷூ, பச்சை லேஸ். குதிகால் தெரியவில்லை, இன்னொன்று அனுப்பு என்று பதில் போட்டேன். அனுப்பினாள். சரி என்கிற கட்டைவிரல் படமும் ஒன்று கூடவே வந்தது.

பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியும் அவளும் சேர்ந்துதான் போனார்கள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. சாமி கும்பிட்டு, பிரசாதம் வாங்கி, இறங்க ஆரம்பித்து அரை மணி நேரத்தில் வலது ஷூவின் குதிகால் பிளந்து தொங்கியது. கயல் சிரித்திருக்கிறாள். “எங்க மதினி கவிதை எழுதுன ஷூடி இது, இங்கன வந்து வாயப் பொளக்குது” என்றாளாம். துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து ஷூவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாடி என்று ஜோதிலட்சுமி சொன்னதற்கு, “விக்கிற சாமான், பத்திரமாக் கொண்டுபோய்க் காட்டணும்” என்றிருக்கிறாள். காய்ந்தால் வழுக்குகிற போதைப்புல் சரிவில் இறங்கும்போது இடது கால் சோல் முழுசாகக் கழன்று அவளுக்கு முன்னால் உருண்டு போனது. அவள் பின்பக்கமாக விழுந்தாள். தலை பாறையில் பட்டது.

தூக்கிக்கொண்டு இறங்கி, கம்பம் போய், அங்கிருந்து தேனிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு இறந்துபோனாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

ஆஸ்பத்திரியில் அவள் போட்டிருந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். நான்தான் கைநீட்டி வாங்கினேன். வெளியே வேப்பமரத்தடியில் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு ஷூவில் கிழிந்த துப்பட்டா முடிச்சு அப்படியே இருந்தது. நடு அடுக்கைத் தொட்டேன். டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது. அந்த நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேறு யாரும் பார்ப்பதற்குள் பையின் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டேன்.

எல்லோரும் புல் வழுக்கிவிட்டது என்றார்கள். வெயிலில் மயக்கம் வந்திருக்கும் என்றார்கள். ஜோதிலட்சுமி ஷூ பிய்ந்ததைச் சொன்னாள்தான். “இந்தக் காலத்துப் பொருளே அப்பிடித்தான்” என்று பெரியவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். என்னைக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. என் மாமியார்கூட என் தலையைத் தடவி, “நீயும் அவளும் ரெட்டப் புள்ளைக மாதிரி இருந்தீகளே ஆத்தா” என்று அழுதார். நான் அந்தக் கையை விலக்கவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். அழுகை பொய்யில்லை. ஆனால் பை என் பீரோவுக்கு மேலே இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது மீதி இரண்டு ஜோடியையும் எடுத்தேன். வீடியோவில் காட்டியது போல முன்னையும் பின்னையும் பிடித்து வளைத்தேன். முதல் ஷூ நன்றாக வளைந்து நிமிர்ந்தது. இரண்டாவது நடுவில் பிளந்து மடியெல்லாம் கொட்டியது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதை வளைக்கவில்லை.

அப்போது எனக்கு முதலில் நினைவு வந்தது கயல் இல்லை. விற்ற ஐந்து ஜோடி.

யார் யார் வாங்கினார்கள் என்று போனில் பார்த்தேன். சின்னமனூரில் ஒரு டீச்சர். சுருளியில் நடைபயிற்சி போகிற ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. ஓடைப்பட்டியில் கர்ணன் என்று ஒரு கல்லூரிப் பையன். போடியில் மகாலட்சுமி. கம்பத்துச் சந்தனம்மாள். சந்தனம்மாள் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். தினம் சரிவில் நிற்கிறவள். ஐந்து பேருக்கும் ஒரு செய்தி அனுப்பினால் முடிந்தது. அந்த ஷூவைப் போடாதீர்கள் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை அனுப்பினால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அது திலீபன் காதுக்குப் போகும். என் வீட்டுக்காரர் காதுக்குப் போகும். இதை மட்டும்தான் யோசித்தேன். எழுதினேன், அழித்தேன். “சோலில் சிறு குறை” என்று எழுதினேன். சிறு குறை என்ற சொல்லைப் பார்த்ததும் அழித்தேன். எல்லாமே உளுத்திருக்கும் என்று என்ன நிச்சயம், ஒன்று நன்றாகத்தானே வளைந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரியம் முடியட்டும், பதினாறாம் நாள் கழியட்டும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் சந்தனம்மாளே போன் செய்தாள். துக்கம் கேட்பதற்காகத்தான்.

“கயலு புள்ளைக்கா தாயி இப்பிடி ஆகணும்? நான் பிரசர் மாத்திரை திங்கிறவ, குத்துக்கல்லாட்டம் கெடக்கேன். எடுக்கணும்னா என்னைய எடுத்திருக்கலாம்ல?”

மூக்கை உறிஞ்சிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

“அந்தப் புள்ள குடுத்த ஷூவ இன்னும் பெட்டியிலதான் வச்சிருக்கேன். மழ எறங்கட்டும்னு பாக்கேன். தோட்டத்துல அட்டைப்பூச்சி இருக்கு பாரு, செருப்புப் போட்ட காலுன்னா மொய்ச்சிரும். இந்த வருசம் அட்டைக்குத்தான் பட்டினி,” என்று சொல்லிச் சிரித்து, உடனே துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று நிறுத்திக்கொண்டாள்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் திறந்திருந்தது. “சரி சந்தனம்மா, உடம்பப் பாத்துக்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். மழை இறங்குகிற ஜூன் பிறக்க இன்னும் நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு பெண் விழுவதற்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணி, அத்தனை நாள் எனக்கு அவகாசம் என்று நினைத்தவள் நான்.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்தில், இறந்தவர் கடைசியாகப் போட்டிருந்ததையும் தினம் உடுத்தியதில் சிலதையும் ஆற்றில் விடுவார்கள். அன்று காலை திலீபனின் அம்மா முத்துமாரியம்மாள் வந்து நின்றார்.

“ஏத்தா ஹேமா, ஆஸ்பத்திரியில குடுத்த பை உங்கிட்டதான இருக்கு? எடுத்தா. ஒண்ணும் தங்கிறக் கூடாது.”

பையைக் கொடுத்தேன். அதைப் பிரிக்காமலே ஆற்றில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி நினைத்தேன். எனக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது.

முல்லையாற்றுப் படித்துறையில் திலீபன் மொட்டைத் தலையோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்து விடவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சுடிதார் போனது. துப்பட்டா போனது. ஷூவைக் கையில் எடுத்ததும் அவர் நின்றார். அதைத் திருப்பிப் பார்த்தார். மிச்சமிருந்த நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். பொடி தண்ணீரில் விழுந்து மிதந்து போனது.

“விடுப்பா,” என்றார் முத்துமாரியம்மாள்.

“இத விட வேணாம்மா. கீழ எவனாச்சும் எடுத்து மாட்டிக்கிருவான்.”

அங்கிருந்த எல்லோரிலும் அடுத்தவன் காலைப் பற்றி நினைத்தது அவர் ஒருவர்தான். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் கலைந்த பிறகு அவரிடம் போனேன். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார்.

“தம்பி, அது உளுத்த ஷூ. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சந்தேகம் வந்துச்சு. வளச்சுப் பாக்கல.”

திலீபன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவ போனு எங்கிட்டதான் இருக்கு. போட்டோவுல குதிகால் தெரியல, இன்னொண்ணு அனுப்புன்னு கேட்டது நீங்கதானக்கா?”

“ஆமா.”

“அவ வேணாம்னுதான சொன்னா? வீட்டுல வந்து எங்கிட்டச் சொன்னா. மதினி சொல்லுறாக, தட்ட முடியலன்னா.”

“ஆமா தம்பி.”

என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு திலீபன் கேட்டார்:

“அதுல எத்தன சோடி வித்தீக?”

“அஞ்சு.”

“யாருக்கு?”

பெயர்களைச் சொன்னேன். சந்தனம்மாள் பெயர் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எம் வண்டியில ஏறுற பொம்பள. பதினாறு நாளா வேற வண்டியில ஏறிப் போய்க்கிட்டிருக்கு. நீங்க பேசாம இருந்திருக்கீக.”

அவர் ஈர வேட்டியோடு ஜீப்பை நோக்கி நடந்தார். என் வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் போனார். இரண்டு பேரும் என்னைக் கூப்பிடவில்லை.

படித்துறையிலேயே உட்கார்ந்து குழுவில் எழுதினேன். நான் எழுதியதிலேயே நீக்க ஒரு வார்த்தையும் இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

“மாசி மாதம் நான் விற்ற சாம்பல் நிற மலையேற்ற ஷூ, பச்சை லேஸ். குறை: சோல் உள்ளே உளுத்துப்போனது. செய்து பன்னிரண்டு வருடம் ஆனது. லேபிளில் இருந்தது, நான் எழுதவில்லை. அழுத்தியபோது பொடி ஒட்டியது, தூசி என்று துடைத்துவிட்டேன். வளைத்தால் மடிப்பு விழும் என்பதால் வளைத்துப் பார்க்கவில்லை. கயல் இதைப் போட்டிருந்தபோதுதான் மலையில் விழுந்தாள். நான் போடச் சொல்லித்தான் போட்டாள். இது தெரிந்தும் பதினாறு நாள் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். யாரும் போடாதீர்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்கே என்று சொன்னால் வந்து வாங்கிக்கொள்கிறோம். ஹேமாவதி.”

ஐந்து பேருக்கும் தனித்தனியாகவும் அனுப்பினேன். குழுவிலிருந்து அன்று சாயங்காலத்துக்குள் அறுபது எழுபது பேர் வெளியேறினார்கள். சிலர் திட்டினார்கள். திட்டியவர்களை என்னால் தாங்க முடிந்தது. “நீங்க என்ன செய்வீங்க அக்கா, விதி” என்று எழுதியவர்களுக்குத்தான் பதில் போட முடியவில்லை.

சின்னமனூர் டீச்சர் போன் செய்தார். “எனக்குப் போன மாசமே பிஞ்சிருச்சு ஹேமா. பள்ளிக்கூட மைதானத்துல. நான் குண்டாயிட்டேன், அதான் தாங்கலன்னு நெனச்சு, வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ராத்திரிச் சோத்த நிறுத்திட்டேன்.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் வெட்கப்படாமல் அன்றே சொல்லியிருந்தால் என்று ஒரு நினைவு வந்தது. வந்ததற்காக என் மேலேயே அருவருப்பாக இருந்தது. எவ்வளவு சீக்கிரம் இன்னொரு ஆள் மேல் ஏற்றிவிடப் பார்க்கிறது மனசு.

திலீபன் அன்று மாலையே கம்பம் போய்ச் சந்தனம்மாள் வீட்டிலிருந்து பெட்டியை வாங்கி வந்தார். மறுநாள் மற்ற இடங்களுக்கும் போனார். நான்கு ஜோடி வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு வாசலில் வைத்து, என்னிடம் இருந்த இரண்டையும் வாங்கி, கயலுடையதையும் சேர்த்து, அரிவாளால் ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினார். யாரும் பொறுக்கி ஒட்டிப் போடமுடியாதபடி. நான் துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றேன். பொடியைக் கூட்டி அள்ளினேன். அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசுவதில்லை; வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பேசுகிறார். சாப்பாடு, கரண்ட் பில், மாத்திரை பற்றிப் பேசுகிறார். தங்கையைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.

சந்தனம்மாள் மட்டும் ஜூனில் ஒரு நாள் வந்தாள். மழையில் நனைந்துபோய், புது ரப்பர் பூட்ஸோடு. திலீபன் வாங்கிக் கொடுத்தாராம். “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல தாயி” என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள்.

துணி வியாபாரத்தை விட்டுவிட்டேன். எனக்கு நூலை எரிக்கத் தெரியும். அதைப் பார்த்து முடிவு சொல்கிற நம்பிக்கை போய்விட்டது. குழுவை மட்டும் கலைக்கவில்லை. அந்தச் செய்தியை மேலே குத்தி வைத்திருக்கிறேன். ஏனென்றால் போடி மகாலட்சுமி இன்னும் பதில் சொல்லவில்லை.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆறாம் நம்பர் ஷூ. பார்சலை பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னாள், போடி பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொண்டாள், விலாசம் தரவில்லை. முகப்புப் படத்தில் ஒரு செம்பருத்திப் பூ. கூப்பிட்டால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது; செய்தி அனுப்பினால் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. திலீபன் போடிமெட்டு வழியில் ஓடுகிற ஜீப்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்; இதை என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நானும் மூன்று முறை போடிக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் பார்சல் ஆபீஸ்காரரிடம் ஷூவின் படத்தைக் காட்டினேன். தினம் நூறு பேர் வந்து போகிற இடம் அது. பெண்களின் காலைப் பார்த்துக்கொண்டே பாதிநாள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். இப்போதும் வழியில் யாராவது சாம்பல் நிற ஷூ போட்டுப் போனால் பின்னாலேயே போய்ப் பார்க்கிறேன்.

இந்த வருடச் சித்ரா பௌர்ணமியும் வந்து போய்விட்டது. இரண்டாவது மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமைதோறும் அதே செய்தியை மகாலட்சுமியின் எண்ணுக்கு அனுப்புகிறேன். இன்று காலையும் அனுப்பினேன். ஒற்றை டிக்.